அசைய மறுக்கும் ஆக்சில் நட்

தம்பி, வெளிநாடு வந்து சில மாதங்களிலேயே பழைய கார் வாங்கி, வீல் பேரிங்கை (சக்கரம் தடையின்றிச் சுழல உதவும் பாகம்) நீங்களே மாற்ற இறங்கியிருக்கிறீர்கள். சக்கரத்தின் நடுவில் ஆக்சில் தண்டின் நுனியை இறுக்கிப் பிடிக்கும் பெரிய நட்டான ஆக்சில் நட் அசையவில்லை, வெளிநாட்டில் எல்லோரும் இதை உண்மையிலேயே வீட்டில்தான் செய்கிறார்களா என்று கேட்டிருந்தீர்கள். பலர் செய்கிறார்கள். ஊரில் மெக்கானிக்கிடம் விட்டுவிட்டுப் போன நானும் இங்கே வந்துதான் கற்றுக்கொண்டேன். ஆனால் இது கைவலுவால் முடிகிற வேலை இல்லை.

சக்கர நட்டுகளை ஏறக்குறைய 100 நியூட்டன் மீட்டரில் (திருகும் விசையின் அலகு) முடுக்குவார்கள். ஆக்சில் நட்டுக்குப் பல கார்களில் 200 முதல் 300 வரை. துருப் பிடித்திருந்தால் கழற்ற அதைவிட அதிகம் தேவைப்படும். 30 சென்டிமீட்டர் ராட்செட்டின் (உள்ளே பல் வைத்து ஒரு திசையில் மட்டும் சுற்றும் கைப்பிடி) நுனியில் 70 கிலோ ஆள் முழு எடையையும் போட்டாலும் 200 சொச்சம்தான் வரும். நான் முதல் தடவை அப்படித்தான் தொங்கினேன். ராட்செட்டின் உள்பல் உடைந்து, விரல் முட்டி தரையில் மோதிக் கிழிந்தது. 60 சென்டிமீட்டர் பிரேக்கர் பார் (உள்பல் இல்லாத நீளக் கைப்பிடி) என்றால் அதே எடைக்கு 400 தாண்டும். அதன் மேல் நீளமான இரும்புக் குழாயைச் செருகினால் இன்னும் ஏறும். ஆனால் சாக்கெட் மாட்டும் முனை அரை அங்குலமாக உள்ள பார் ஓரளவுக்கு மேல் தாங்காது, முறியும். முக்கால் அங்குலம் கிடைத்தால் அதையே எடுங்கள். நட்டின் மேல் கவிழும் சாக்கெட் உங்கள் நட்டுக்கு அச்சாகப் பொருந்தும் அளவாக, ஆறு மூலை உள்ள, அதிர்ச்சி தாங்கும் இம்பாக்ட் சாக்கெட்டாக இருக்கட்டும். சில கார்களில் நட்டுக்கே பன்னிரண்டு மூலை இருக்கும். எனவே முதலில் நட்டைப் பாருங்கள்.

பார் போடுவதற்கு முன் நட்டின் விளிம்பைக் கவனியுங்கள். பல கார்களில் அது ஆக்சிலின் பள்ளத்துக்குள் அடித்து மடக்கப்பட்டிருக்கும். அதை உளியால் நிமிர்த்தாமல் சுற்றினால் ஆக்சிலின் மரை நாசமாகும். சிலவற்றில் கோட்டர் பின் (நட் கழலாமல் குறுக்கே செருகிய கம்பி) இருக்கும், அதைப் பிடுங்கிவிடுங்கள். மரையைக் கம்பித் தூரிகையால் தேய்த்து, துரு இளக்கும் எண்ணெய் அடித்து, சில மணி நேரமாவது ஊற விடுங்கள். நெருப்பு மட்டும் வேண்டாம். பேரிங் சீலும், சக்கரத்தின் வேகத்தை அளக்கும் ஏபிஎஸ் சென்சாரும் பக்கத்திலேயே இருக்கின்றன.

சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டை இளக்குங்கள். சக்கரத்தின் நடுமூடியைக் கழற்றி, ஹேண்ட் பிரேக் போட்டு, மற்ற சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, ஒருவரை உள்ளே உட்கார்ந்து பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். ஜாக்கியில் நிற்கும் காரில் அந்த வலுவைக் கொடுப்பதை நான் ஒருநாளும் செய்ய மாட்டேன், நீங்களும் செய்யாதீர்கள். பெரும்பாலும் இடப்பக்கம் சுற்றினால் கழலும். சில பழைய வண்டிகளில் ஒரு பக்கம் மரை எதிர்த்திசையில் இருக்கும். பாரை வெடுக்கென்று இழுக்காமல், எடையை நிதானமாக ஏற்றுங்கள். 'டக்' என்று ஒரு சத்தம் வந்தால் இளகிவிட்டது என்று அர்த்தம். அதற்கு மேல் சுற்றாதீர்கள்! நட் தளர்ந்த நிலையில் வண்டியின் எடை தாங்கினால் பேரிங் கெடலாம். நீங்கள் மாற்றப்போகிறீர்கள், சரி, ஆனால் சி.வி. ஜாயிண்ட் (ஆக்சில் தண்டின் வளையும் மூட்டு) வேலைக்காக மட்டும் கழற்றுபவர் நல்ல பேரிங்கை இழக்கலாம். மீதியைக் காரைத் தூக்கி, ஜாக் ஸ்டாண்டில் நிறுத்திய பிறகு சுற்றலாம்.

இவ்வளவு செய்தும் அசையாவிட்டால், தட்டித் தட்டி நட்டைச் சுற்றும் மின்சார இம்பாக்ட் கன்னை வாடகைக்கோ இரவலுக்கோ கேளுங்கள். அதன் தட்டலில் துரு உடையும். ஆனால் திரும்ப முடுக்க அது கூடாது. புது நட் போட்டு, முடுக்கும் அளவைக் காட்டும் டார்க் ரென்ச்சால், உங்கள் மாடலின் கையேடு சொல்லும் அளவுக்கே முடுக்குங்கள். சிலவற்றில் அந்த அளவுக்குப் பிறகு இத்தனை டிகிரி கூடுதலாகத் திருப்ப வேண்டும் என்றும் சொல்லியிருக்கும். பழைய நட் பார்க்க நன்றாகத்தான் இருக்கும். அதைப் போட்டுவிடாதீர்கள், ஒருமுறை நிமிர்த்திய விளிம்பு மறுபடி மடக்கினால் விரிசல் விடலாம்.