முதல் சீட்டு விழுமுன்: போக்கர் கேள்வி-பதில்

கேள்வி: போட்டிக்கு முந்தின இரவு முழுக்கப் போக்கர் வீடியோக்களாகப் பார்க்கிறேன். ஆனால் மேஜையில் உட்கார்ந்ததும் ஒன்றும் ஓடுவதில்லை. மனதை எப்படித் தயார் செய்வது?

பதில்: முந்தின இரவு புதிதாக எதையும் படிக்காதீர்கள். அரைகுறையாகப் புரிந்த உத்தியும் கைவந்த பழைய உத்தியும் மேஜையில் மல்லுக்கு நிற்கும். 'ஒன்றும் ஓடவில்லை' என்று நீங்கள் சொல்வது அந்த இழுபறியைத்தான். அந்த நேரத்தைத் தூக்கத்துக்குக் கொடுங்கள். பெரிய போட்டி எட்டு, பத்து மணி நேரம் நீளும். கனமான முடிவுகள் கடைசிக் கட்டத்தில்தான் வரும். தூக்கம் கெட்டவர் சறுக்குவதும் அங்கேதான்.

ஆட்டம் தொடங்க ஒரு மணி நேரம் இருக்கும்போது, ஃபோனை ஓரமாக வைத்துவிட்டு 20 நிமிடம் ஒதுக்குங்கள். முதலில் போட்டியின் விவரங்கள்: ஆரம்ப ஸ்டாக் (தொடக்கத்தில் கையில் தரும் சிப்) எவ்வளவு, ஒரு லெவல் (கட்டாயத் தொகை உயரும்வரை உள்ள கட்டம்) எத்தனை நிமிடம், ரீ-என்ட்ரி (தோற்றபின் மறுபடி பணம் கட்டி நுழைவது) உண்டா? உண்டு என்றால் எத்தனை முறை நுழைவேன் என்பதை அப்போதே எழுதிவிடுங்கள். தோற்று எழுந்த சூட்டோடு யோசித்தால் 'விட்டதைப் பிடிக்கிறேன்' என்றுதான் மனம் சொல்லும்.

அடுத்து கணக்கு. பிளைண்ட் (சீட்டு வருமுன் இருவர் கட்டாயமாக வைக்கும் தொகை) 400/800, கையில் 24,000. அப்படியானால் எத்தனை பிக் பிளைண்ட் (பெரிய தொகை, இங்கே 800)? 30. நடுவில் 1,000 கிடக்கிறது, எதிராளி 500 கட்டுகிறார். நீங்கள் 500 போட்டு 1,500-க்கு ஆடுகிறீர்கள். நாலில் ஒரு தடவை ஜெயித்தாலே கட்டுப்படியாகும். இப்படி ஐந்தாறு கணக்கு போட்டால் போதும், மூளை தடத்துக்கு வந்துவிடும்.

கடைசியாக ஒரு சின்ன அட்டை. உங்களுக்கு அடிக்கடி நேரும் தவறுகளில் இரண்டை மட்டும் எழுதி, எதிரே அந்த இடத்தில் என்ன செய்வீர்கள் என்று எழுதுங்கள். 'கவனமாக ஆடு' என்று எழுதினால் ஒன்றுக்கும் உதவாது. 'ரிவரில் (கடைசிப் பொதுச் சீட்டில்) பெரிய பெட் (பந்தயம்) வந்தால் பத்து விநாடி சிப்பைத் தொடாதே. முதல் ரெய்ஸிலிருந்து (தொகையை உயர்த்தியதிலிருந்து) அவர் ஆடியதை வரிசையாக ஓட்டிப் பார்' என்று எழுதினால் உதவும். அட்டையை இடைவேளையில் எடுத்துப் பாருங்கள், மேஜையில் வேண்டாம்.

கேள்வி: ஏஸ் ஜோடியோடு ஆல்-இன் (சிப் முழுவதையும் பணயம் வைப்பது) போய், என்னைவிடக் குறைந்த சிப் வைத்திருந்தவரின் கிங் ஜோடியிடம் தோற்றேன். அடுத்த பத்து நிமிடத்தில் மீதிச் சிப்பும் காலி. தோற்ற சூட்டில் தாறுமாறாக ஆடும் இந்த டில்ட்டை எப்படி அடக்குவது?

பதில்: அந்த நிமிடத்தில் அடக்குவது மிகக் கடினம். முன்கூட்டியே அதற்கு மனதில் இடம் விட்டு வைக்க வேண்டும். ஏஸ் ஜோடிக்கு எதிராகக் கிங் ஜோடி 100-க்கு சுமார் 18 தடவை ஜெயிக்கும். இன்னும் உறைக்கிற மாதிரி சொல்கிறோம்: 80 சதவீதம் உங்களுக்குச் சாதகமான ஆல்-இன் மூன்று வந்தால், மூன்றையும் ஜெயிக்கும் வாய்ப்பு 51 சதவீதம்தான். எல்லாம் சரியாக ஆடியும் ஏறக்குறைய பாதி நாள் எங்கோ ஓர் அடி விழும். அதனால் உட்காருமுன் வாய்விட்டே சொல்லிக்கொள்ளுங்கள்: "இன்று ஒரு நல்ல கை (சீட்டு) தோற்கும். தோற்றதும் நான் சிப்பை எண்ணுவேன்."

எண்ணுவது என்றால் விரலால் எண்ணுவது. இருபது இருபதாக அடுக்குங்கள். மூச்சை நாலு எண்ணி இழுத்து, ஆறு எண்ணி விடுங்கள். ஐந்து தடவை செய்ய ஒரு நிமிடம்கூட ஆகாது. 40 பிக் பிளைண்ட் இருந்தது, 25 போய்விட்டது, மீதி 15. இனி கேள்வி ஒன்றுதான்: 15 பிளைண்ட் வைத்திருப்பவர் இந்த இடத்தில் எந்தெந்தக் கையை ஆடுவார்? போன 25-ஐ நினைத்து ஆடுகிறவர் இல்லாத சிப்பை வைத்து ஆடுகிறார்.

அப்படியும் சீட்டை வெடுக்கென்று வீசுகிறீர்களா, உங்கள் முறை வருமுன்பே கை சிப்புக்குப் போகிறதா? எழுந்து நடங்கள். அதற்கும் ஒரு விலை உண்டு. பிக் பிளைண்ட் ஆன்ட்டி (பிக் பிளைண்ட் வைப்பவர் மேஜைக்காகக் கூடுதலாக இன்னொரு பிக் பிளைண்ட் கட்டுவது) உள்ள போட்டியில் ஒரு முழுச் சுற்றை விட்டால் இரண்டரை பிக் பிளைண்ட் போகும். கையில் 40 இருந்தால் அது மலிவு. 10 இருந்தால் நாலில் ஒரு பங்கு. அப்போது ஒன்றிரண்டு கை மட்டும் விட்டுவிட்டு, பிளைண்ட் வருமுன் திரும்பிவிடுங்கள்.

கேள்வி: பரிசு எல்லை நெருங்கினால் பயத்தில் எல்லாக் கையையும் ஃபோல்ட் செய்கிறேன் (ஆடாமல் விட்டுவிடுகிறேன்). தைரியம் வர வழி?

பதில்: அந்தப் பயத்தில் பாதி நியாயமானது. பப்பிளில் (பரிசு எல்லைக்குச் சற்று முன்), உங்களைவிட அதிகச் சிப் வைத்திருப்பவரோடு மோதுவது ஆபத்துதான்; ஒதுங்குவது கோழைத்தனம் அல்ல. ஆனால் உங்களைவிடக் குறைவாக வைத்திருப்பவர் உங்களுக்கும் மேலாக நடுங்குகிறார், அவருடைய பிளைண்டைப் பிடிக்கும் வாய்ப்பை விட்டுக்கொடுக்காதீர்கள். எல்லை நெருங்குமுன் மேஜையைச் சுற்றிப் பார்த்து, யார் உங்களை வெளியேற்ற முடியும், யாரால் முடியாது என்று இரண்டாகப் பிரித்து வைத்துக்கொண்டால் பயம் பாதி இறங்கும்.

மீதிப் பயம் பணத்தைப் பற்றியது. பெரும்பாலும் 10 முதல் 15 சதவீதம் பேருக்குத்தான் பரிசு. நன்றாக ஆடுகிறவரும் அநேக நாள் வெறுங்கையோடுதான் எழுவார். ஆகவே இந்த ஆட்டத்துக்கென ஒதுக்கிய பணத்தில் 100-இல் ஒரு பங்கைத் தாண்டிய பை-இன் (நுழைவுக் கட்டணம்) வேண்டாம். வீட்டுச் செலவுக்கான பணத்தோடு உட்கார்ந்தால் எந்த மூச்சுப் பயிற்சியும் கைகொடுக்காது. அன்று ஆடாதீர்கள்.

கேள்வி: "இன்று ஜெயிப்பேன்" என்று சொல்லிக்கொள்வது உதவுமா?

பதில்: உதவாது, ஜெயிப்பது உங்கள் கையில் இல்லை. "ஒவ்வொரு கையிலும் ஸ்டாக்கைப் பார்த்த பிறகே சிப் போடுவேன்" என்பது உங்கள் கையில் இருக்கிறது, அதைச் சொல்லுங்கள்.

கேள்வி: விழித்திருக்க எவ்வளவு காபி குடிக்கலாம்?

பதில்: குடித்த கஃபீனில் ஏறக்குறைய பாதி ஐந்து மணி நேரம் கழித்தும் உடலில் இருக்கும். தொடங்குமுன் ஒன்று, நடுவில் ஒன்று போதும். அதற்கு மேல் போனால் கை நடுங்கும். அந்த நடுக்கத்தைப் பயம் என்று நீங்களே தப்பாக எடுத்துக்கொள்வீர்கள். இரண்டு நாள் போட்டியாக இருந்தால் மாலைக்குப் பிறகு தண்ணீர் மட்டும்.