ஆபாசத் தளங்களுக்கு வரி போட்டால் சிறுவர்களைக் காப்பாற்ற முடியுமா?

வரி மட்டும் போட்டால் முடியாது. பணம் கைமாறும் இடத்தில்தான் வரி பிடிக்கும். பதின்வயதுப் பிள்ளைகள் பார்ப்பதோ பெரும்பாலும் விளம்பர வருமானத்தில் ஓடும் இலவசக் காணொளிகள், அதனால் சந்தா விலை எவ்வளவு ஏறினாலும் அவர்களை அது தொடவே தொடாது. சிகரெட் அப்படியில்லை, ஒவ்வொன்றுக்கும் காசு கொடுத்தாக வேண்டும், விலை ஏறினால் சிறுவர்கள் வாங்குவது குறையும்.

வாசலிலேயே நிறுத்துவது வயதுச் சரிபார்ப்புதான், அதாவது அடையாள அட்டை போன்றவற்றைக் காட்டி வயதை நிரூபித்தால்தான் தளத்துக்குள் விடுவது. அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலம் 2023இல் இதற்குச் சட்டம் போட்டது, 2025 ஜூனில் உச்ச நீதிமன்றம் 6-3 என்ற கணக்கில் அது செல்லும் என்றது. பிரிட்டனில் 2025 ஜூலை முதல் கட்டாயம். ஆனால் இருக்கும் இடத்தை மறைக்கும் விபிஎன் செயலியைப் போட்டால் வேறு நாட்டிலிருந்து வருவதுபோல் காட்டிவிடலாம். அடையாள அட்டையை வாங்கும் தளம் அதைப் பத்திரமாக வைக்குமா என்ற பயமும் நியாயமானதே.

சரி, வரியே வீணா? இல்லை. அமெரிக்காவின் அலபாமா மாநிலம் 2025இல் 10 சதவீத வரி கொண்டுவந்தது. இப்படி வரும் பணத்தைப் பிள்ளைகளின் மனநல ஆலோசனைக்கும், சட்டத்தை மதிக்காத தளங்களைக் கண்காணிக்கவும் மட்டும் செலவழிக்க வேண்டும் என்று சட்டத்திலேயே எழுதிவிட்டால் நான் ஆதரிப்பேன். பொதுக் கஜானாவில் போய் விழுந்தால், அந்தத் தொழில் வளர்வதே அரசுக்கும் லாபம் என்றாகிவிடும்.