ஆக்சிஜனோடு ஊட்டிக்குப் போகலாமா? – வாசகர் கேள்வி பதில்

என் மாமனாருக்கு 74 வயது. சி.ஓ.பி.டி. (நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்) இருக்கிறது. வீட்டில் 5 லிட்டர் கான்சென்ட்ரேட்டர் (காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் மின்கருவி) வைத்து, நிமிடத்துக்கு 2 லிட்டர் வீதம் தினமும் 16 மணி நேரம் ஆக்சிஜன் எடுக்கிறார். மே மாதம் பேரப்பிள்ளைகளோடு மூன்று நாள் ஊட்டி போக ஆசைப்படுகிறார். காரில்தான் போகிறோம். என்ன ஏற்பாடெல்லாம் செய்ய வேண்டும்?
– வாசகி, திருச்சி

சிலிண்டருக்கு அலைவதற்கு முன்னால் உயரத்தைப் பாருங்கள். ஊட்டி 2,240 மீட்டர். அங்கே காற்றழுத்தம் திருச்சியில் இருப்பதில் ஏறக்குறைய முக்கால் பங்குதான். மூச்சில் உள்ளே போகும் ஆக்சிஜனும் அந்த அளவுக்குக் குறையும். கீழே 2 லிட்டரில் ஆக்சிமீட்டர் (விரலில் மாட்டி ரத்த ஆக்சிஜனை அளக்கும் கருவி) 90 சதவீதம் காட்டுகிற மாமாவுக்கு மேலே அதே 2 லிட்டர் போதாமல் போகலாம். எவ்வளவு கூட்டலாம் என்பதை நுரையீரல் டாக்டர் எழுதித் தர வேண்டும். பதறிப்போய் நீங்களே 4, 5 என்று திருப்பிவிடாதீர்கள். சி.ஓ.பி.டி. உள்ளவர்களில் பலருக்கு ஆக்சிஜன் அதிகமானால் ரத்தத்தில் கரியமில வாயு தேங்கும். காலையில் தலைவலி, பகலெல்லாம் தூக்கக் கலக்கம், சம்பந்தமில்லாத பேச்சு, இவைதான் அதன் அறிகுறிகள். இவர்களுக்குப் பொதுவாக 88 முதல் 92 வரைதான் இலக்கு. 98 காட்டுகிறதே என்று சந்தோஷப்பட வேண்டாம்.

டாக்டர் கடிதத்தில் நோயின் பெயர், உட்கார்ந்திருக்கும்போதும் நடக்கும்போதும் தூங்கும்போதும் தனித்தனியாக எத்தனை லிட்டர், அதிகபட்சம் எதுவரை, இலக்கு எண், மருந்துப் பட்டியல் எல்லாம் இருக்கட்டும். கடந்த ஒன்றரை மாதத்துக்குள் மூச்சுத்திணறலால் ஆஸ்பத்திரியில் சேர்ந்திருந்தால் ஊட்டியைத் தள்ளிப்போடுவது நல்லது. எங்களைக் கேட்டால் ஏற்காடு போகச் சொல்வோம். சுமார் 1,500 மீட்டர்தான், திருச்சிக்கும் பக்கம். பேரப்பிள்ளைகளுக்குப் படகும் உண்டு.

ஊட்டிதான் என்றால், கணக்குக்கு வருவோம். பி டைப் சிலிண்டரின் கொள்ளளவு சுமார் 10 லிட்டர். 150 கிலோ அழுத்தத்தில் நிரப்பினால் 1,500 லிட்டர் வாயு. காகிதத்தில் 2 லிட்டர் வீதம் பன்னிரண்டரை மணி நேரம் வர வேண்டும். ஆனால் கடையிலிருந்து வரும் சிலிண்டரில் அழுத்தம் காட்டும் முள் பெரும்பாலும் 120, 130-ல்தான் நிற்கும். கடைசி 20-ஐத் தொடக்கூடாது என்று வைத்துக்கொள்ளுங்கள். 130-ல் 20 போக 110. அதைப் பத்தால் பெருக்கினால் 1,100 லிட்டர். மணிக்கு 120 லிட்டர் செலவானால் 9 மணி நேரம். மலையில் டாக்டர் 3 லிட்டர் சொல்லியிருந்தால் 6 மணி நேரம்தான். திருச்சியிலிருந்து ஊட்டிக்கு ஏழு மணி நேரம் என்பது சாதாரண நாள் கணக்கு. மே மாதத்தில் மேட்டுப்பாளையத்துக்கு மேல் வண்டி ஊர்ந்துதான் போகும். சீசனில் ஒருவழிப் பாதையாக்கி குன்னூர் வழியே ஏற்றி, கோத்தகிரி வழியே இறக்குவார்கள். நீலகிரிக்குள் நுழைய வேண்டிய இ-பாஸ் இல்லாமல் சோதனைச் சாவடியில் நிற்பதும் நேரத்தைத் தின்னும். ஆகவே போகும் வழிக்கே இரண்டு பி டைப் வேண்டும்.

வீட்டுக் கான்சென்ட்ரேட்டரைக் காரில் ஓட்டலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அது 350 வாட் இழுக்கும். காரின் 12 வோல்ட் சாக்கெட் 120 முதல் 180 வாட் வரைதான் தாங்கும், ஃபியூஸ் போய்விடும். அதை டிக்கியில் நிமிர்த்தி வைத்துக் கொண்டுபோய் ஓட்டலில் மட்டும் பயன்படுத்துங்கள். எவ்வளவு உயரம் வரை வேலை செய்யும் என்பது அதன் கையேட்டில் இருக்கும். சில மாடல்கள் ஊட்டி உயரத்திலேயே எல்லையைத் தொட்டுவிடும்.

சிலிண்டர் காருக்குள் உருளக்கூடாது. வால்வு உடைந்தால் அது ராக்கெட் மாதிரி பாயும். பின்சீட்டில் பெல்ட்டோடு சேர்த்துக் கயிறு போட்டுக் கட்டுங்கள். ஜன்னல் இரண்டு விரல் அளவு திறந்திருக்கட்டும். சாப்பிட இறங்கும்போது வெயிலில் நிற்கும் வண்டிக்குள் சிலிண்டரை விட்டுப் போகாதீர்கள். ஈரப்பதத்துக்கான தண்ணீர் பாட்டிலைக் காரில் கழற்றிவிடுங்கள். கொண்டை ஊசி வளைவில் வண்டி ஆடும்போது தண்ணீர் குழாய்க்குள் ஏறி, நேராக மூக்குக்குப் போகும். மாமா இருமத் தொடங்கிய பிறகுதான் தெரியும். 2, 3 லிட்டருக்கு அந்தப் பாட்டில் இல்லாமலே சமாளிக்கலாம்.

ரெகுலேட்டர் (சிலிண்டரின் அழுத்தத்தைக் குறைத்து அளவாக வாயுவை விடும் கருவி) மாட்டுவதற்கு முன் வால்வை ஒரு நொடி லேசாகத் திறந்து மூடுங்கள், தூசி வெளியேறிவிடும். பிறகு மாட்டி, மெதுவாகத் திறக்க வேண்டும். இணைப்பில் 'ஸ்ஸ்' என்று சத்தம் வந்தால் பெரும்பாலும் வாஷர் தேய்ந்திருக்கும். கூடுதலாக இரண்டு வாஷரும் சிலிண்டர் சாவியும் பையில் இருக்கட்டும். பிளம்பர் டேப் சுற்றக்கூடாது. எண்ணெய்க் கையோடு தொடவே கூடாது. அழுத்தத்தில் உள்ள ஆக்சிஜன் பட்டால் எண்ணெய் தானாகவே தீப்பிடிக்கும். மூக்கு வறண்டால் தேங்காய் எண்ணெயோ வாஸ்லினோ வேண்டாம், தண்ணீர் அடிப்படையிலான ஜெல் கேட்டு வாங்குங்கள்.

பலர் கோட்டை விடுவது ஊட்டியில் வாடகைக்கு எடுக்கும் சிலிண்டரில். பின் இண்டெக்ஸ், புல் நோஸ் என்று வால்வு இரண்டு விதம். உங்கள் ரெகுலேட்டர் ஒன்றுக்குத்தான் பொருந்தும். உங்களுடைய வால்வைப் போட்டோ எடுத்து அங்குள்ள டீலருக்கு வாட்ஸப்பில் அனுப்பி, 'இதேதானா?' என்று கேட்டுக்கொள்ளுங்கள். இல்லையென்றால் ரெகுலேட்டரையும் சேர்த்து வாடகைக்கு எடுங்கள். மருத்துவ ஆக்சிஜன் சிலிண்டர் கறுப்பு உடல், வெள்ளைக் கழுத்தோடு இருக்கும். பேட்ச் எண்ணும் காலாவதித் தேதியும் ஒட்டியிருக்க வேண்டும். வெல்டிங் பட்டறைச் சிலிண்டரை நீட்டினால் திருப்பி அனுப்புங்கள். அறையில் ஒரு டி டைப் (பெரிய சிலிண்டர்) நின்றால் நிம்மதி: 7,000 லிட்டர், 3 லிட்டர் வீதம் ஒன்றரை நாள் கரண்ட் இல்லாவிட்டாலும் தாங்கும். அறுபது கிலோவுக்குக் குறையாத கனம் என்பதால் கீழ்த்தள அறையும், சாயாமல் நிறுத்த ஸ்டாண்டும் கேளுங்கள்.

ஓட்டலில் 'ஜெனரேட்டர் இருக்கிறதா?' என்று மட்டும் கேட்டால் போதாது. லைட்டுக்கு மட்டுமா, பிளக் பாயிண்டுக்குமா என்று கேட்க வேண்டும். கதவருகே கார்டு செருகினால் கரண்ட் வரும் அறைகளில், சாப்பிடப் போகிறவர் கார்டை உருவிக்கொண்டு போனால் படுத்திருக்கும் மாமாவின் மெஷின் நின்றுவிடும். ரிசப்ஷனில் இன்னொரு கார்டு கேட்டு வாங்கிச் செருகியே வையுங்கள். குளிருக்குக் கரி அடுப்பு எதுவும் அறைக்குள் வரக்கூடாது. முதல் நாள் முழு ஓய்வு. குளிர்ந்த விரலில் ஆக்சிமீட்டர் தப்பாகக் காட்டும். கையைத் தேய்த்துச் சூடாக்கி, எண் ஒரு நிமிடம் நிலையாக நின்ற பிறகு பாருங்கள்.

அம்மாவை இரவு ரயிலில் ராமேஸ்வரம் அழைத்துப் போகிறோம். சிலிண்டரை ரயிலில் ஏற்ற விடுவார்களா?
– வாசகர், தாம்பரம்

விடுவார்கள். கேஸ் சிலிண்டருக்கு ரயிலில் தடை உண்டு. ஆனால் டாக்டர் சான்றிதழோடு வரும் நோயாளியின் ஆக்சிஜன் சிலிண்டருக்கு எல்லா வகுப்பிலும் விலக்கு இருக்கிறது. சான்றிதழின் அசல் கையில் இருக்கட்டும். பயணம் 12 மணி நேரம் என்றால் தாமதத்துக்கு 3 மணி நேரம் சேர்த்து 15 மணி நேரத்துக்குக் கணக்குப் போடுங்கள். 2 லிட்டருக்கு இரண்டு பி டைப். கீழ் பெர்த் வாங்கி, சிலிண்டரை பெர்த்தின் காலோடு கட்டிவிடுங்கள். பெட்டியின் சார்ஜிங் பாயிண்ட் செல்போனுக்கானது, கான்சென்ட்ரேட்டருக்கு ஆகாது. பல ரயில்களில் இரவு 11 முதல் காலை 5 வரை அதை அணைத்தும் விடுகிறார்கள்.

கையடக்க கான்சென்ட்ரேட்டர் வாடகைக்குக் கிடைக்கிறது. '5 வரை செட்டிங் உண்டு' என்கிறார்கள். அப்பாவுக்கு 2 லிட்டர். எடுக்கலாமா?
– வாசகர், கோவை

செட்டிங் 2 என்றால் நிமிடத்துக்கு 2 லிட்டர் என்று அர்த்தம் இல்லை. சின்ன மெஷின்களில் பெரும்பாலானவை பல்ஸ் முறையில் இயங்குபவை: மூக்கால் மூச்சை இழுக்கும்போது மட்டும் ஒரு சிறு வீச்சு கொடுக்கும். கம்பெனிக்குக் கம்பெனி அந்த வீச்சின் அளவு வேறு. வாய் வழியாக மூச்சு விடுகிறவருக்கும், தூக்கத்தில் மூச்சு மெலிதாகிறவருக்கும் மெஷின் மூச்சைக் கண்டுபிடிக்காமல் போகலாம். பைபாப் (மாஸ்க் வழியாக அழுத்தத்தோடு காற்றைச் செலுத்தி மூச்சுக்கு உதவும் மெஷின்) மாஸ்க்கோடு இதைச் சேர்க்கவும் முடியாது. ஆகவே ஊருக்குப் போவதற்கு ஒரு வாரம் முன்னதாகவே எடுத்து, அப்பாவை வீட்டில் நடக்கவைத்து, படியேற வைத்து, ஓர் இரவு தூங்கவைத்து ஆக்சிமீட்டர் பாருங்கள். பகலில் சரியாக இருந்து இரவில் இறங்கினால், பகலுக்கு இது, இரவுக்குப் பெரிய மெஷின் என்று பிரித்துக்கொள்ளலாம். பேட்டரி எத்தனை மணி நேரம் வரும் என்று கேட்டால் கடைக்காரர் செட்டிங் 1-க்கான கணக்கைச் சொல்வார். உங்கள் செட்டிங்குக்குக் கேளுங்கள். பழைய பேட்டரி அதிலும் பாதிதான் தரும்.

சென்னையிலிருந்து டெல்லிக்கு விமானத்தில் சொந்தச் சிலிண்டர் கொண்டுபோகலாமா?
– வாசகி, சென்னை

கொண்டுபோக முடியாது. விமான நிறுவனம் ஏற்கும் கையடக்க கான்சென்ட்ரேட்டர், அல்லது அவர்களே கட்டணம் வாங்கிக்கொண்டு தரும் ஆக்சிஜன், இரண்டில் ஒன்றுதான். எல்லா நிறுவனமும் ஆக்சிஜன் தருவதில்லை என்பதால் டிக்கெட் போடுவதற்கு முன்பே கேளுங்கள். மெடிஃப் என்ற மருத்துவப் படிவத்தை டாக்டரிடம் நிரப்பி வாங்கி, பயணத்துக்குச் சில நாள் முன்பே அனுப்ப வேண்டும். அவர்கள் தருவது பறக்கும் நேரத்துக்கு மட்டும். விமான நிலையத்தில் வரிசையில் நிற்கும் நேரம் உங்கள் பொறுப்பு. சொந்த மெஷின் என்றால் பறப்பது 3 மணி நேரம், இரு முனையிலும் காத்திருப்பு 3 மணி நேரம், ஆக மொத்தம் 6. அதில் ஒன்றரை மடங்கு, அதாவது 9 மணி நேரத்துக்கு பேட்டரி வேண்டும். 100 முதல் 160 வாட்-அவர் (பேட்டரியின் திறன் அளவு, அதன் மேலேயே எழுதியிருக்கும்) வரையுள்ள உபரி பேட்டரி, நிறுவனத்தின் அனுமதியோடு, ஆளுக்கு இரண்டுதான். அதையும் கைப்பையில்தான் வைக்க வேண்டும், செக்-இன் பெட்டியில் போடக்கூடாது.

கோயிலில் கற்பூர ஆரத்தி தொட்டு வணங்கும்போது மட்டும் ஆக்சிஜன் குழாயைக் கழற்றினால் போதுமா?
– வாசகர், கும்பகோணம்

போதாது. கழற்றி மடியில் போட்டுவிட்டு வால்வை மூடாமல் இருந்தால் வேட்டியும் துண்டும் ஆக்சிஜனை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். சின்னப் பொறி பட்டாலும் குப்பென்று பிடிக்கும். வால்வை மூடிய பிறகும் துணி காற்றாட இருபது நிமிடமாவது வேண்டும். தீபத்திலிருந்து இரண்டு மீட்டராவது தள்ளி உட்காரவையுங்கள். ஆரத்தித் தட்டு அவரிடம் வர வேண்டாம், வேறொருவர் போய்த் தொட்டு வந்து அவர் கண்ணில் ஒற்றட்டும்.