இரண்டு ஓட்டு ஓட்டியும் கட்டி உடையவில்லை, கத்திகளும் விரைவில் தேய்கின்றன: ரோட்டவேட்டரில் என்ன கோளாறு?

45 குதிரைத்திறன் டிராக்டரில் 6 அடி ரோட்டவேட்டரை (சுழலும் கத்திகளால் மண்ணை வெட்டிப் பொடியாக்கும் கருவி) இணைத்திருப்பதாகவும், இரண்டு ஓட்டு ஓட்டிய பிறகும் மண் கட்டியாகவே கிடப்பதாகவும், கத்திகள் எதிர்பார்த்ததைவிட வேகமாகத் தேய்வதாகவும், ஓடும்போது பின்பக்கம் அதிர்வதாகவும் கேள்வியில் எழுதியிருக்கிறீர்கள். கருவியை மாற்றுவதைப் பற்றி இப்போதைக்கு யோசிக்க வேண்டாம். நீங்கள் சொல்லும் அளவுகள் ஒன்றுக்கொன்று பொருந்துபவையே. நான் பார்த்தவரையில் இவ்வகைத் தொல்லைகளில் பெரும்பகுதி டிராக்டர் செல்லும் வேகத்திலும், மண்ணின் பதத்திலும், டிராக்டரிலிருந்து கருவிக்குச் சுழற்சியைக் கொண்டுசெல்லும் ஷாஃப்ட் இணைக்கப்பட்ட முறையிலுமே இருக்கிறது.

முதலில் வேகத்தைக் கணக்கிட்டுப் பாருங்கள். டிராக்டர் மணிக்கு 3 கிலோமீட்டர் வேகத்தில் சென்றால் ஒரு நிமிடத்தில் 50 மீட்டர் நகர்கிறது. கத்தி பூட்டிய சுழல்தண்டு நிமிடத்திற்கு 200 சுற்றுகள் சுழல்வதாகக் கொண்டால், ஒரு சுற்றுக்குள் டிராக்டர் 25 சென்டிமீட்டர் முன்னேறிவிடும். வழக்கமான அமைப்பில் ஒரு ஃபிளாஞ்சில் (சுழல்தண்டில் கத்திகளைப் பூட்டும் வட்டத்தகடு) ஆறு கத்திகள் இருக்கும். அவற்றில் மூன்று இடப்பக்கமும் மூன்று வலப்பக்கமும் வளைந்தவை. ஆகவே ஒரு பக்கத்தின் மூன்று கத்திகளும் அந்த 25 சென்டிமீட்டரைப் பங்கிட்டுக்கொண்டு, ஒவ்வொன்றும் சுமார் 8 சென்டிமீட்டர் கனமுள்ள மண்ணை வெட்டுகின்றன. அதே சுழற்சியில் டிராக்டரை 4.5 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டினால் வெட்டின் கனம் 12 சென்டிமீட்டரைத் தாண்டிவிடும். கட்டி பெரிதாக விழுவதற்கும், ஒவ்வொரு கத்தியும் கூடுதல் சுமை ஏற்பதற்கும் இதுவே காரணம். இரண்டு ஓட்டு வேகமாக ஓட்டுவதைவிட ஒரே ஓட்டைத் தாழ்ந்த கியரில் நிதானமாக ஓட்டுவது மண்ணுக்கும் டீசலுக்கும் நல்லது.

ஆக்சிலரேட்டரைக் குறைத்து நிதானப்படுத்துவது மட்டும் தவறு. பி.டி.ஓ. (எஞ்சின் விசையைக் கருவிக்குக் கொடுக்கும் டிராக்டரின் பின்புறத் தண்டு) நிமிடத்திற்கு 540 சுற்றில் சுழலும்படி எஞ்சினை வைத்துக்கொண்டு, டிராக்டரின் கியரைத்தான் குறைக்க வேண்டும். எந்த எஞ்சின் சுற்றில் 540 கிடைக்கும் என்பது டிராக்டருக்கு டிராக்டர் மாறுவதால், மீட்டரில் உள்ள குறியையோ கையேட்டையோ பாருங்கள். பல ரோட்டவேட்டர்களில் கியர் பாக்ஸின் பின்மூடியைக் கழற்றி இரண்டு பல்சக்கரங்களை இடம் மாற்றினால் சுழல்தண்டின் வேகமும் மாறும். உங்களுடையதில் அந்த வசதி இருந்தால் இறுகிய மண்ணுக்கு ஒன்று, இளகிய மண்ணுக்கு ஒன்று என்று வைத்துக்கொள்ளலாம். பின்தகட்டையும் மறக்க வேண்டாம். அதைத் தாழ்த்தினால் கத்தி வீசும் கட்டிகள் தகட்டில் மோதி மேலும் உடையும். உயர்த்தினால் மண் பெருங்கட்டியாகவே விழும்.

வேகம் சரியாக இருந்தும் கட்டி உடையாவிட்டால் மண்ணின் பதத்தைப் பாருங்கள். உழவு ஆழத்திலிருந்து ஒரு பிடி மண்ணை எடுத்து உருண்டையாக்கி, இடுப்பு உயரத்திலிருந்து கீழே விடுங்கள். உருண்டையே பிடிபடவில்லை என்றால் மண் மிகவும் காய்ந்திருக்கிறது. அந்த நிலையில் ஓட்டினால் மேலே புழுதியும் கீழே கல் போன்ற கட்டியும்தான் மிஞ்சும், கத்தியும் அரத்தில் உரசியதுபோல் தேயும். விழுந்தும் உடையாமல் ஒட்டிக்கிடந்தால் ஈரம் அதிகம். விழுந்ததும் உதிர்வதே ஏற்ற பதம். சேற்றுழவுக்கு இந்தச் சோதனை பொருந்தாது.

இனி அதிர்வுக்கு வருகிறேன். பி.டி.ஓ.வையும் ரோட்டவேட்டரையும் இணைக்கும் யூனிவர்சல் ஜாயின்ட் ஷாஃப்டின் இரு முனைகளிலும் உள்ள கவைகளை (இரண்டாகப் பிரிந்த முனைகள்) பாருங்கள். இரு ஷாஃப்ட் பாதிகளிலும் உள்ள உள் கவைகள் ஒரே தளத்தில் நேராக இருக்க வேண்டும். கழற்றி மாட்டும்போது இவை மாறிவிட்டால், சுழற்சி ஒவ்வொரு சுற்றிலும் விட்டுவிட்டு வேகம் கூடிக் குறைந்து, அந்த அதிர்வு முழுவதும் கியர் பாக்ஸ் பேரிங்கில் போய் இறங்கும். அடுத்து, கருவியின் மேற்பகுதியை டிராக்டருடன் இணைக்கும் டாப் லிங்க்கைச் சரிசெய்து, கருவி வேலை செய்யும் ஆழத்தில் இருக்கும்போது கியர் பாக்ஸின் உள்வரும் தண்டு டிராக்டரின் பி.டி.ஓ. தண்டுக்கு இணையாக இருக்கும்படி வையுங்கள். வெளிக்குழாயும் உள்தண்டும் வேலை நிலையில் தம் நீளத்தில் மூன்றில் ஒரு பங்காவது ஒன்றுக்குள் ஒன்று செருகியிருக்க வேண்டும். ஆனால் எந்த உயரத்திலும் அடிமுட்டக் கூடாது. பக்கச் செயின்களை இறுக்கி, இடவலமாக ஆடாமல் செய்யுங்கள். ஆழத்தை இருபுறமும் உள்ள சறுக்குத்தகடுகளால் தீர்மானித்து, ஹைட்ராலிக்கில், கருவியை வைத்த உயரத்திலேயே நிறுத்தும் பொசிஷன் லீவரை மட்டும் பயன்படுத்துங்கள். டிராஃப்ட் லீவர் இழுவைக் கலப்பைகளுக்கானது. ரோட்டவேட்டரின் கத்திகள் சக்கரம் சுழலும் திசையிலேயே சுழன்று டிராக்டரை முன்னே தள்ளுவதால், இழுவையை உணர்ந்து வேலை செய்யும் அந்த ஏற்பாட்டுக்கு இங்கே பெரிய வேலையில்லை.

கருவியைத் தரைக்குச் சற்று மேலே வைத்து, எஞ்சினைத் தணித்து பி.டி.ஓ.வைப் போடுங்கள். பிறகு சுற்றைக் கூட்டி, டிராக்டர் நகரத் தொடங்கிய பின்னரே மெல்ல இறக்குங்கள். நின்ற இடத்தில் இறக்கினால் கத்தி மண்ணில் ஓங்கி அறையும். அந்த அடி ஷாஃப்டின் கவைகளை இணைக்கும் சிலுவைக்கும் கியர் பல்லுக்கும் போகும். வரப்போரத்தில் திரும்பும்போது கட்டாயம் தூக்க வேண்டும். மிக உயரமாகத் தூக்கினால் ஜாயின்டின் கோணம் கூடிக் கடகடவென்று சத்தம் வரும் என்பதால், பி.டி.ஓ.வை நிறுத்தியோ, கத்தி தரையை விட்டு விலகும் அளவுக்கு மட்டும் தூக்கியோ திரும்புங்கள். கத்தி மண்ணில் இருக்கும்போது பின்னோக்கி ஓட்டவே கூடாது. இந்தப் பத்தியில் உள்ளவற்றைப் பின்பற்றாமல் விலையுயர்ந்த கியர் ஆயிலை ஊற்றுவதில் பயனில்லை என்பது என் கருத்து.

கத்திகளின் வரிசையும் அதிர்வுக்கு ஒரு காரணமாகலாம். இந்தக் கருவியை ஆஸ்திரேலியாவில் உருவாக்கிய ஆர்தர் கிளிஃபர்ட் ஹோவர்ட், 1912இல் தொடங்கிய சோதனைகளின் வழியே ‘எல்’ வடிவக் கத்திக்கு வந்து சேர்ந்தார். கத்திகள் ஃபிளாஞ்சுக்கு ஃபிளாஞ்ச் சற்றே தள்ளி, திருகுபோலச் சுற்றிச் செல்லும்படி பூட்டப்படுவதால், ஒரு நேரத்தில் ஓரிரு கத்திகளே மண்ணைத் தொடுகின்றன. எல்லாக் கத்திகளையும் ஒரேயடியாகக் கழற்றினால் இந்த ஒழுங்கு கலைந்துவிடும். ஒன்றைக் கழற்றி, அதே இடத்தில் அதே பக்கத்துக் கத்தியை மாட்டிவிட்டு அடுத்ததற்குச் செல்லுங்கள். கூர்விளிம்பு சுழலும் திசையைப் பார்க்க வேண்டும். புதிய போல்ட்டுகள் சில மணி நேரத்தில் சற்றுத் தளரும் என்பதால் மீண்டும் இறுக்குவது அவசியம். ஷியர் போல்ட் (சுமை மிஞ்சினால் தானே அறுந்து கியரைக் காக்கும் போல்ட்) உள்ள கருவியில் அது அறுந்தால், அதற்கெனக் குறிப்பிட்ட போல்ட்டையே போடுங்கள். அதைவிடக் கெட்டியான ஒன்றைப் போட்டால் அடுத்த முறை கியர் உடையும்.

எண்ணெய் விஷயம் எளிது. பெரும்பாலானவற்றுக்கு 90 எண் கியர் ஆயிலே பரிந்துரைக்கப்படுகிறது. கியர் பாக்ஸையும் பக்கப்பெட்டியையும் தனித்தனியே சோதியுங்கள். எண்ணெய் பால்போல வெளுத்திருந்தால் சீல் வழியே நீர் புகுந்திருக்கிறது. அதற்குப் பெரும்பாலும் சுழல்தண்டின் முனைகளில் சுற்றிக்கொள்ளும் புல்லும் பிளாஸ்டிக் கயிறுமே காரணம், தினமும் அறுத்தெடுங்கள். சிலுவை ஜாயின்டுக்கு நாள்தோறும் கிரீஸ் அடியுங்கள்.

அப்படி அறுத்தெடுக்கும் முன் எஞ்சினை நிறுத்திச் சாவியை எடுத்துவிடுங்கள். ஹைட்ராலிக்கை மட்டும் நம்பாமல் கட்டையால் முட்டுக்கொடுங்கள். 540 சுற்று என்பது நொடிக்கு 9 சுற்று. தொங்கும் துணியின் ஓரம் சிக்கினால் கையை இழுத்துக்கொள்ள நேரம் இருக்காது. ஷாஃப்டின் பிளாஸ்டிக் உறை உடைந்திருந்தால் அதை மாற்றிய பிறகே ஓட்டுங்கள்.

கட்டி உடையவில்லை என்பதற்காக மூன்றாவது ஓட்டுக்குப் போக வேண்டாம். ஒவ்வொரு பருவத்திலும் அதே 10 முதல் 15 சென்டிமீட்டர் ஆழத்திலேயே மண்ணைத் தூளாக்கிக்கொண்டிருந்தால், அதற்குக் கீழே வேரும் நீரும் இறங்காத இறுகிய அடுக்கு ஒன்று உருவாகிறது. மேலே உள்ள தூளும் மழையில் அடைந்து ஏடு கட்டும். ஒரு மெல்லிய இரும்புக் கம்பியை வயலில் பல இடங்களில் குத்திப் பாருங்கள். ஏறத்தாழ ஒரே ஆழத்தில் தடுத்தால், மண் காய்ந்திருக்கும் காலத்தில் உளிக்கலப்பையால் ஒருமுறை ஆழ உழுதுவிட்டு, அதன் பிறகு ரோட்டவேட்டரை இறக்குங்கள்.