முயலை நம்பலாமா?

அன்புள்ள சார்,

அம்மாவுக்கு 67 வயது, இரண்டு முழங்காலிலும் தேய்மானம். முயல்களுக்கு, மூட்டில் எலும்பு முனையை மூடியிருக்கும் குருத்தெலும்பு மறுபடி வளர்ந்துவிட்டதாக வாட்ஸப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. அதை நம்பி ஆபரேஷனைத் தள்ளிப்போடலாமா என்கிறார். அப்புறம், மனிதனுக்கு வைத்தியம் பார்க்க முயலை ஏன் நோண்ட வேண்டும்?

ர.

அன்புள்ள ர.,

ஆபரேஷன் எப்போது என்பதை அம்மாவைப் பார்க்கும் டாக்டர்தான் சொல்ல வேண்டும். முயலை நம்பித் தள்ளிப்போட வேண்டாம் என்று மட்டும் நான் சொல்வேன், ஏனென்றால் முயல், அதிலும் இளம் முயல், சும்மா விட்டாலே மூட்டுக் காயத்தை ஓரளவு தானாக மூடிக்கொள்கிற பிராணி.

அதன் தொடையெலும்பு முனையில் குருத்தெலும்பு அரை மில்லிமீட்டர்கூட இருக்காது, நமக்கோ இரண்டுக்கும் மேல். சோதனைக்காக அதில் வழக்கமாக 3 மி.மீ. அகலத்துக்கு ஒரு குழி போடுவார்கள். அது பெரும்பாலும் அடியிலுள்ள எலும்புக்குள்ளும் இறங்கிவிடும், ரத்தமும் மஜ்ஜையும் மேலேறி வந்து குழியை நிரப்பும். சில வாரத்தில் வெள்ளையாக, வழவழவென்று ஒரு பரப்பு, போட்டோ எடுத்தால் அற்புதம்தான். 1993இல் ஷாப்பிரோ என்ற ஆய்வாளரின் குழுவினர் இதே 3 மி.மீ. குழிகளை முயல்களில் வாரக்கணக்கில் பார்த்தபோது, புதுசு பழசோடு விளிம்பில் சரியாக ஒட்டவே இல்லை, சில மாதத்தில் சிதையவும் தொடங்கிவிட்டது.

அதனால்தான் அடுத்து ஆடு, குதிரை என்று போகிறார்கள். குருத்தெலும்பின் தடிமனில் குதிரை நமக்குப் பக்கத்தில் வருகிறது, பந்தயத்தில் ஓடி அதற்கும் மூட்டு கெடுகிறது, உள்ளே கேமரா விட்டுப் பார்க்கவும் முடியும். ஆனால் ஆறு வாரம் காலை ஊன்றாதே என்று குதிரையிடம் யார் சொல்வது?

முயல் வீண் என்று சொல்லவில்லை. ஸ்வீடனில் குருத்தெலும்புச் செல்களை வளர்த்துக் குழியில் வைக்கும் முறையை முயலில் பார்த்துவிட்டுத்தான் மனிதர்களுக்குச் செய்தார்கள், 1994இல் 23 பேரின் முடிவு வெளிவந்தது. வயது 14 முதல் 48 வரை, எல்லாமே ஒரு குறிப்பிட்ட இடத்துப் பள்ளம். அம்மாவுடையது பள்ளம் இல்லை, மூட்டு முழுவதும் தேய்ந்த நோய்.

ஏன் நோண்டுகிறார்கள் என்றால், ஒட்டியதா இல்லையா என்று தெரிய மூட்டையே சீவி நுண்ணோக்கியில் வைத்தாக வேண்டும், மனிதரிடம் அது நடக்காது. ஆனால் சிகிச்சை கொடுக்காத குழியோடு ஒப்பிடாமல், எட்டு வாரத்திலேயே முடித்துக்கொண்டு ‘வளர்ந்துவிட்டது’ என்று அறிவிக்கிற சோதனைக்கு ஒரு முயலைக்கூடக் கொல்லக் கூடாது என்பதுதான் என் கட்சி.