ஒரு மீற்றரில் இரண்டு குடும்பம்: அஸ்வெசும மீளாய்வுக்கு எப்படிப் பதில் எழுதுவது?

கேள்வி: அக்கா, என் கணவர் இறந்துவிட்டார். பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகளும் 74 வயது மாமியும் என்னோடு இருக்கிறார்கள். வெங்காயத் தோட்டங்களில் கூலிக்குப் போகிறேன். 2023இல் வறிய குடும்பங்களுக்கான அரசின் நலன்புரிக் கொடுப்பனவான அஸ்வெசும தொடங்கியபோது வறியவர் பிரிவில் 8,500 ரூபாய் தந்தார்கள். 2025 ஜனவரியில் அது 10,000 ஆனது. பிறகு மீளாய்வு என்று ஒருவர் வந்து போனில் பதிந்துகொண்டு போனார். அதிலிருந்து வங்கியில் காசு விழவில்லை. கரண்ட் பில் அதிகம், மோட்டார் சைக்கிள் இருக்கிறது, வெளிநாட்டுக் காசு வருகிறது என்று பதிவாகியிருக்கிறதாம். அதே வளவில் இருக்கும் மச்சாள் குடும்பமும் எங்கள் மீற்றரில்தான் கரண்ட் எடுக்கிறது. மோட்டார் சைக்கிளைக் கணவர் இருந்தபோதே விற்றுவிட்டோம். பிரான்சில் இருக்கும் தம்பி எப்போதாவது பிள்ளைகளுக்குக் கொஞ்சம் அனுப்புவான், அவ்வளவுதான். சிலர் ஆட்சேபனை போடு என்கிறார்கள், சிலர் அரசியல்வாதியைப் பிடி என்கிறார்கள். என்ன செய்ய?
– ஒரு தாய், யாழ். மாவட்டம்

பதில்: தங்கச்சி, முதலில் ஆட்சேபனையை விடுங்கள். தகுதியில்லாத இன்னொருவருக்குக் காசு போகிறது என்று சொல்வதற்குத்தான் அது. உங்கள் பெயர் விடுபட்டதற்குப் போட வேண்டியது மேன்முறையீடு. தவறான படிவத்தைக் கொடுத்துவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்த ஆட்களை நான் பிரதேச செயலகத்தில் வேலை செய்த காலத்தில் நிறையப் பார்த்திருக்கிறேன்.

அரசியல்வாதியிடமும் போக வேண்டாம். கல்வி, சுகாதாரம், பொருளாதார நிலை, சொத்து, வீட்டு வசதி, குடும்ப அமைப்பு என்று ஆறு பகுதிகளில் 22 குறிகாட்டிகளை வைத்துப் புள்ளி போட்டுத்தான் குடும்பங்களைத் தெரிவு செய்கிறார்கள். எம்.பி. கடிதம் கொடுத்தால் அந்தப் புள்ளி மாறாது. பதிவில் உள்ள பிழை திருந்தினால்தான் மாறும். அதனால் "நான் கஷ்டப்படுகிறேன், இரங்குங்கள்" என்று இரண்டு பக்கம் எழுதுவதை விட, "இந்த இடத்தில் இப்படிப் பதிந்திருக்கிறீர்கள், உண்மை இது, ஆதாரம் இது" என்று மூன்று பந்தி எழுதுங்கள்.

உங்களுக்கு முக்கியமானது அந்த மீற்றர். மின்சாரப் பாவனையும் குறிகாட்டிகளில் ஒன்று. பில்லில் 120 அலகு என்று இருந்தால், அதை ஒரு குடும்பம் பாவித்ததா இரண்டு குடும்பம் பாவித்ததா என்று பில் சொல்லாது. எங்கள் பக்கத்தில் ஒரு வளவுக்குள் தாய் வீடு, மகள் வீடு, மச்சாள் வீடு என்று இருப்பதும், போர் முடிந்து திரும்பி வந்தபோது எடுத்த ஒரே இணைப்பில் எல்லாரும் காலத்தை ஓட்டுவதும் சாதாரணம். வீடும் அப்படித்தான். இந்திய வீட்டுத்திட்டத்தில் கிடைத்த 550,000 ரூபாயோடு கடனும் பட்டுக் கட்டிய கல்வீட்டை, உள்ளே அடுப்பு எரிகிறதா என்று பார்க்காமல் வசதியான வீடு என்று பதிந்துவிடலாம். இதையெல்லாம் நாங்கள்தான் எடுத்துச் சொல்ல வேண்டும். சொல்வதில் வெட்கப்பட எதுவுமில்லை.

ஆகவே கடைசி ஆறு மாத பில்களைப் போட்டோக் கொப்பி எடுங்கள். நீங்களும் மச்சாளும் வேறு வேறு குடும்பம் என்பதற்கு வாக்காளர் இடாப்பில் உள்ள பதிவைக் காட்டலாம். "இந்த இரு குடும்பங்களும் ஒரே மின் இணைப்பைப் பாவிக்கின்றன" என்று கிராம சேவையாளரிடம் ஒரு கடிதம் கேளுங்கள். மச்சாளும் ஒரு கடிதத்தில் கையெழுத்து வைக்கட்டும். முடிந்தால் அவர் தனி இணைப்புக்கு விண்ணப்பிப்பது நல்லது. விண்ணப்பித்த ரசீதையும் சேர்த்துக் கட்டுங்கள்.

மோட்டார் சைக்கிளை ஓப்பின் பேப்பரில்தானே, அதாவது பெயர் மாற்றாமல் கையெழுத்து மட்டும் வைத்துக் கொடுத்துத்தானே, விற்றிருப்பீர்கள்? வாங்கியவர் வாகனப் புத்தகத்தைத் தன் பெயருக்கு மாற்றாவிட்டால் பதிவில் இன்னும் உங்கள் கணவர்தான் சொந்தக்காரர். வாங்கியவரைக் கண்டுபிடித்துப் பெயர் மாற்றச் சொல்லுங்கள். ஆள் அகப்படவில்லை என்றால், எப்போது, யாருக்கு விற்றது என்று சமாதான நீதவான் முன்னால் சத்தியக் கடதாசி முடித்து, மரணச் சான்றிதழின் பிரதியோடு இணையுங்கள்.

தம்பி அனுப்பும் காசை மட்டும் மறைக்க வேண்டாம். இப்போது இல்லை என்று எழுதிவிட்டுப் பிறகு வங்கிப் புத்தகத்தில் அது தெரிந்தால், நீங்கள் சொன்ன உண்மையான மற்ற விஷயங்களையும் நம்ப மாட்டார்கள். எந்த மாதம் எவ்வளவு வந்தது என்று புத்தகத்தைப் பார்த்து அப்படியே எழுதுங்கள். மாதாமாதம் வரும் வருமானம் இல்லை என்பது அதிலேயே விளங்கும்.

எல்லாவற்றையும் பிரதேச செயலகத்தில் நலன்புரி நன்மைகள் விடயத்தைப் பார்ப்பவரிடம் கொடுங்கள். முதல் விண்ணப்பத்தின் துண்டையும் கொண்டுபோங்கள். நீங்கள் கையில் வைத்துக்கொள்ளும் பிரதியில் திகதி முத்திரை குத்தி வாங்காமல் அந்தக் கதிரையை விட்டு எழும்பாதீர்கள். கேட்பது உங்கள் உரிமை, பயப்பட வேண்டாம்.

உங்கள் பெயரை "சிஸ்டம் எடுத்துவிட்டது" என்று அங்கே சொன்னால், அதெல்லாம் ஒரு பதில் இல்லை. உங்களைப் பற்றி என்ன பதிந்தார்கள், எந்தப் பிரிவில் போட்டார்கள் என்று 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் அங்குள்ள தகவல் அலுவலரிடம் எழுத்தில் கேளுங்கள். தகவல் தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் அவர் தீர்மானிக்க வேண்டும். தமிழிலேயே எழுதலாம், தமிழிலேயே பதில் தர வேண்டும். ஆனால் அந்தப் பதில் வரும்வரை மேன்முறையீட்டைத் தள்ளிப்போடாதீர்கள். அதற்குக் கடைசித் திகதி இருக்கும், கிராம சேவையாளரிடம் இன்றைக்கே கேட்டு வையுங்கள்.

மாமியைப் பற்றி நீங்கள் எதுவும் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். 70 வயதைத் தாண்டிய வறிய முதியவர்களுக்கான கொடுப்பனவை 2025 வரவுசெலவுத் திட்டத்தில் 3,000 ரூபாயிலிருந்து 5,000 ஆகக் கூட்டினார்கள். குடும்பக் கொடுப்பனவு வேறு, இது வேறு. மாமிக்கு அது கிடைக்கிறதா, பதிந்திருக்கிறதா என்று அதே பயணத்தில் விசாரியுங்கள். அவரது அடையாள அட்டையை எடுத்துப்போக மறக்க வேண்டாம்.