முகக்கவரி போட்டிருந்தாலும் ரேடார் ஆளை அடையாளம் கண்டுபிடித்துவிடுமா?

துணிக்குப் பின்னால் பார்ப்பது ரேடாருக்குப் பெரிய காரியமில்லை. பார்த்தது இன்னாருடைய முகம் என்று சொல்வதுதான் பெரும்பாடு.

நான் மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் கிராணி, அதாவது கணக்குப்பிள்ளை. விடிவதற்கு முன்பே பெரட்டு, அதாவது ஆள் கணக்கெடுப்பு. பெயர் கூப்பிடுவதை நிறுத்திவிட்டு, முகத்தைக் காட்டிப் பதியும் இயந்திரம் ஒன்றை ஆபீஸ் வாசலில் மாட்டினார்கள். மருந்து அடிக்கும் பெண்கள் தொப்பி, முகக்கவரி, துண்டு எல்லாம் கட்டிக்கொண்டுதான் வருவார்கள். இயந்திரம் ஆளே இல்லை என்று சாதிக்கும். ஒரு நாள், துண்டை மூன்றாவது தடவை அவிழ்த்த அக்கா ஒருவர் கேட்டார்: "ஏன் தம்பி, ஏர்போர்ட்டுல சட்டைக்குள்ள இருக்கிறதையே கண்டுபிடிக்கிறானாம். இதுக்கு இந்தத் துணி பெருசா?"

நியாயமான கேள்வி. அன்றிரவே தேடிப் படிக்க உட்கார்ந்தேன்.

ரேடார் என்றால் அலையை அனுப்பி, மோதித் திரும்பும் எதிரொலியைப் படிப்பது. ஏர்போர்ட் ஸ்கேனரும் அந்த வகைதான், அதில் இருப்பது மில்லிமீட்டர் அலை. 60 கிகாஹெர்ட்ஸ் என்றால் அலைநீளம் 5 மில்லிமீட்டர். உலர்ந்த துணி அதற்குக் கொசுவலை மாதிரி. தோலில் நீர்ச்சத்து இருப்பதால் அங்கே மோதி, ஒரு பங்கு திரும்பி வரும். உள்ளே ஒரு மில்லிமீட்டர்கூட இறங்காது. வெளிச்சமும் வேண்டாம், பெரட்டு நேரத்து இருட்டுக்கு வசதிதான்.

சரி, சிக்கல் எங்கே? வெளிச்சத்தோடு ஒப்பிட்டால் இது மிக நீளமான அலை, அதற்கு நம் தோல் முகம் பார்க்கும் கண்ணாடி மாதிரி வழவழப்பு. கண்ணாடியில் டார்ச் அடித்துப் பாருங்கள். நேராக இருந்தால் வெளிச்சம் நம் மேலேயே விழும், சாய்த்தால் எங்கேயோ போய்விடும். முகத்திலும் அதே கதை. ரேடாரை நேராகப் பார்க்கும் நெற்றி, மூக்கு, கன்ன மேடு மட்டும் பளிச்சென்று தெரியும், மற்றதெல்லாம் இருட்டு. மச்சம், நிறம் எதுவும் வராது. 10 சென்டிமீட்டர் அகல ஆன்டெனா வைத்து அரை மீட்டர் தூரத்தில் பார்த்தாலும், ஒரு சென்டிமீட்டருக்குள் நெருங்கிய இரண்டு புள்ளிகளைப் பிரிக்க முடியாது. நகம் அளவு ரேடார் சிப்பில் படமே கிடைக்காது. திரும்பி வரும் அலையின் சாயலைக் கணினிக்குப் பழக்கி வைக்க வேண்டியதுதான். பத்திருபது பேர் ஒரே தூரத்தில் அசையாமல் நின்றால் பிரித்துச் சொல்லலாம். பசார் மாலாம் என்ற இரவுச் சந்தைக் கூட்டத்தில் ஒருவரைப் பிடிக்கும் என்றால் நான் நம்பமாட்டேன். அதிலும் கவரியின் மூக்குக் கம்பி உலோகம், வியர்வையில் நனைந்த துணியோ அலையைக் குடித்துவிடும்.

கேமராவுக்கும் இது லேசாக இருக்கவில்லை. அமெரிக்க அரசின் தரநிர்ணய நிறுவனமான நிஸ்ட், முகத்தை அடையாளம் காணும் 89 மென்பொருள்களைச் சோதித்து 2020 ஜூலையில் முடிவை வெளியிட்டது. முகத்தின் மேல் கணினியில் கவரி வரைந்த படங்களைக் கொடுத்தபோது, நல்லவையே 5 சதவீதம் தவறின, பல 20 முதல் 50 வரை. ஐபோன் 2022ல் கவரியோடு திறக்க ஆரம்பித்ததும் துணியை ஊடுருவி அல்ல, கண்ணைச் சுற்றியுள்ள பகுதியைப் படித்துத்தான்.

என்னைக் கேட்டால் ரேடாரின் கெட்டிக்காரத்தனம் நடையில் இருக்கிறது. கை, கால் வீசும் வேகம் ஒவ்வொன்றும் எதிரொலியின் அதிர்வெண்ணைத் தனித்தனியாக மாற்றும். ஆளுக்கு ஆள் அது வேறு. எங்கள் மண்டோரும் (மேஸ்திரி) இருட்டில் பூட்ஸ் சத்தத்தைக் கேட்டே யார் வருவது என்று சொல்லிவிடுவார்.

அந்த அக்காவுக்கு இதையெல்லாம் விளக்கினேன். "அப்ப துண்ட அவுக்கணுமா வேணாமா, அத சொல்லு" என்றார். இப்போது மருந்து அடிப்பவர்களுக்கு மட்டும் பழையபடி பெயர் கூப்பிடுகிறேன்.